ஹைபிரிட் வண்டிக்குப் பூக் கேட்டது

பாலனுக்கு ஒரு காரியத்தை முடிவு செய்யவேண்டும் என்றால் மூன்று பேர் வேண்டும். கம்பெனியில் பக்கத்து மேசைக்காரர், மாடி வீட்டு உமேஷ், கடைசியாக மாரியம்மன். முதல் இரண்டு பேரும் எவ்வளவு பேசினாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார். மாரியம்மன் சொன்னால்தான் முடிவு. இதில் பெண்டாட்டி காவேரி எந்த இடம் என்று கேட்டால், அவளுக்கு இடமே கிடையாது. அவள் உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் காதில் விழாது என்று பாலன் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்து மார்டள்ளியில் இருந்து மைசூருக்குப் பிழைக்க வந்து, அங்கே ஹெப்பாளிலேயே வேரூன்றிப்போன குடும்பம். பாலன் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார், அடுத்த வருடம் ஓய்வு. ஒரே மகள் சக்தியைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. காவேரி தோசை மாவு வியாபாரம் செய்கிறாள். விளையாட்டாக அக்கம்பக்கத்துக்கு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தது, இன்றைக்கு ஹெப்பாள், மேட்டகள்ளி, விஜயநகர் என்று கடை கடையாகப் போகிறது. அவள் மாவில் தோசை ஊற்றினால் கல்லில் ஒட்டாது, அது ஊரறிந்த விஷயம்.

மாவில் குறை இல்லை, அதைக் கொண்டுபோகிற வண்டியில்தான் குறை. ஆட்டோக்கார பசவராஜ் நல்ல மனுஷன்தான், ஆனால் அவன் வருகிற நேரம்தான் நேரம். சித்திரை வெயிலில் அவன் வந்து சேருவதற்குள் மாவு டின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். விஜயநகர் ஓட்டல்காரர் புளித்த மாவைத் திருப்பி அனுப்பி, அதோடு கணக்கையும் முடித்துக்கொண்டார். அன்றைக்குக் காவேரி அழவில்லை, ஆனால் சாப்பிடவும் இல்லை. இப்போது ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, விடிந்ததும் மாவு வாசலில் இருக்கவேண்டும், ஒருநாள் கூடத் தவறக்கூடாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்று காவேரி அவகாசம் வாங்கி வைத்திருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு காரின் சாவி, அவள் கையில்.

லைசன்ஸ் இல்லாமல் இல்லை. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், எட்டுப் போட்டுக் காட்டி, ஒரே தடவையில் வாங்கிய லைசன்ஸ். வாங்கி என்ன பிரயோசனம்? பாலனின் பழைய சிவப்பு வண்டியை அவள் எடுத்த நாட்களில் எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கைபிரேக்கைப் பிடித்தபடியே வருவார். "கிளட்ச்ச விடு, விடாத, மெதுவா விடு, ஐயோ விட்டுட்டியே!" என்று அவர் போடுகிற சத்தத்தில் நல்ல டிரைவருக்கே கால் நடுங்கும். பிறகு, "உனக்கெதுக்கு புள்ள இந்தக் கஷ்டம், கிளட்ச் தேஞ்சு போயிரும்" என்று சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சரி, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கலாமே என்றால், "அது பெட்ரோலக் குடிக்கும். குடிகாரன ஊட்ல கட்டி வெக்கறதா?" என்பார்.

இந்த நிலைமையில்தான் மாடி வீட்டு உமேஷ் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினான். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மோட்டாரும் பேட்டரியும் உண்டு. பிரேக் அடித்தால் அதிலேயே கொஞ்சம் சார்ஜ் ஏறும். கிளட்ச் கிடையாது. பெட்ரோலோ கோழி குடிக்கிற மாதிரிதான் குடிக்கும். உமேஷின் மனைவி ஸ்ரீதேவி இதைச் சொன்னபோது காவேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. அடி சக்கை! பாலனுடைய இரண்டு சாக்கும் ஒரே வண்டியில் அடிபட்டுப் போகிறதே!

சிவப்பு வண்டியும் சமயம் பார்த்துச் சாமுண்டி மலை ஏற்றத்தில் புகை கக்கிக்கொண்டு நின்றது. இனி வேறு வண்டி வாங்கியே ஆகவேண்டும். பாலன் ஆரம்பித்தார். சாப்பிடும்போது ஹைபிரிட், டி.வி. பார்க்கும்போது ஹைபிரிட், சக்தி பேரப்பிள்ளையைக் காட்டலாம் என்று போன் செய்தால் அவளிடமும் ஹைபிரிட். காவேரி அரைப்பது மாவு, இவர் அரைப்பது அரைத்த மாவு.

"அண்ணா, யோசனெ பேடா, யோசிக்காதீங்க" என்றான் உமேஷ். அவன் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவன். "வாங்கறப்போ விலை ஜாஸ்தி, நிஜா. ஆனா ஊருக்குள்ள நின்னு நின்னு நிறைய ஓட்டினா பெட்ரோல்ல திரும்ப வந்துடும். உங்க ஓட்டம் எவ்ளோ, அதுதான் கேள்வி."

பாலன் விரல் விட்டு எண்ணினார். அவர் வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமை சந்தை. மாதம் ஒருமுறை மாதேஸ்வரன் மலை. "பத்தாது சார்" என்று உதட்டைப் பிதுக்கினார். "நம்ம ஓட்டத்துக்கு ஹைபிரிட் கட்டுபடியாகாது. சாதா கியர் வண்டியே போதும்."

காவேரி கிரைண்டரை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, மாவு ஓட்டத்தச் சேத்தீங்களா?"

"எந்த மாவு ஓட்டம்?"

"தெனமும் நம்ம மாவு ஹெப்பாள் பூராச் சுத்துதல்லங்க? கடைக்குக் கடை நின்னு நின்னுதான போவுது?"

"அது ஆட்டோ ஓட்டமல்ல புள்ள? அது எப்புடி நம்ம ஓட்டமாகும்?" என்றார் பாலன், நியாயமாகப் பேசுகிறவர் முகத்தோடு.

காவேரிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே போய்க் கிரைண்டரைப் போட்டாள், அதில் உளுந்து போட மறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன ஓட்டத்தில் அவள் இல்லவே இல்லை. எத்தனை வருஷமாக ஓடுகிறாள், எண்ணுகிறபோது மட்டும் எப்படி விட்டுப்போகிறது இந்த மனுஷனுக்கு?

உமேஷ் வாங்கலாம் என்றான், பக்கத்து மேசைக்காரர் வேண்டாம் என்றார். இனி மிச்சம் இருந்தது மாரியம்மன்.

அவர்கள் பக்கத்தில் பூக் கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, கேட்கிற ஆள் கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொள்ளவேண்டும். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. கல்யாணம், வீடு, கிணறு என்று பெரிய காரியங்களுக்குத்தான் ஊரில் கேட்பார்கள். பாலன் எல்லாவற்றுக்கும் கேட்பார். கிரைண்டர் வாங்கலாமா என்றுகூடக் கேட்டார். சிவப்பு வந்தது. மாரியம்மனுக்குக் கிரைண்டரோடு என்ன பகை என்று காவேரிக்கு இன்றுவரை விளங்கவில்லை. மிக்சியில் அரைத்து அரைத்துக் கை வீங்கிய பிறகு, அம்மனிடம் தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிரைண்டரை வாங்கிப் போட்டாள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

"வெள்ளிக்கெழம லீவு போடறேன்" என்றார் பாலன். "உமேஷ் வண்டியவே கோயலுக்கு எடுத்துட்டுப் போயிரலாம். சாமி வண்டியக் கண்ணுல பாத்துட்டுச் சொன்னா நல்லதுதான?"

வெள்ளிக்கிழமை காலையில் உமேஷ் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட, ஸ்ரீதேவி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது காவேரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாலன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும்போது, "காய் வாங்கிட்டு வர்றோம்" என்று இரண்டு பெண்களும் கிளம்பிப்போவார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆள் அரவம் இல்லாத ரோடுகளில் ஸ்ரீதேவி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, காவேரி இதே வண்டியை ஓட்டினாள். முன்னால் ஓட்டினாள், பின்னால் ஓட்டினாள், இரண்டு லாரிக்கு நடுவில் சொருகிக்கூட நிறுத்தினாள். கைபிரேக்கை யாரும் பிடிக்கவில்லை.

பாலன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாமி கும்பிட்டு, பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினார். இருந்த விளக்கும் அணைந்தது.

"ஸ்டார்ட் ஆகலியே! பேட்டரி டவுனோ?"

"பிரேக்க மிதிச்சுட்டு ஒருக்கா அழுத்துங்க. பச்சையா ரெடின்னு வந்தா வண்டி ஓடுதுன்னு அர்த்தமுங்க."

"உனக்கெப்புடித் தெரியும்?"

"ஸ்ரீதேவி சொல்லுச்சு" என்றாள் காவேரி. பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பாலன் வாயைப் பிளந்தார். "செருப்பில்லாத நடக்கறாப்புல போவுதே!" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பார்க்கக் காவேரிக்கும் சிரிப்பு வந்தது. ஆசை இருக்கிறது மனுஷனுக்கு, பயம் அதற்கு முன்னால் ஓடி வந்து நின்றுகொள்கிறது.

கோயில் பெரியது ஒன்றும் இல்லை. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய மாரியம்மன் கோயில், வேப்பமரத்தடியில், ஒரு குறுகலான ரோட்டோரம். அம்மன் பார்வைக்கு நேராக வண்டியின் மூக்கு இருக்கவேண்டும் என்று பாலன் முன்னும் பின்னும் எடுத்து, கடைசியில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிறுத்தினார். காவேரி அதற்குள் தேங்காய் பழத்தட்டோடு இறங்கிப் போய்விட்டாள். பாலன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். வண்டி பீப் பீப் என்றது. விலை கூடின வண்டி, இறங்குகிறவருக்கு நன்றி சொல்கிறதாக்கும் என்று நினைத்து, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் பழகிய வண்டியில் சத்தம் நின்றால் வண்டி நின்றது என்று அர்த்தம். இதில் சத்தமே இல்லை, ஆகவே நின்றுவிட்டது. உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பூசாரி மாதப்பன் அவசரப்படாத ஆள். முதலில் அபிஷேகம், பிறகு அலங்காரம், பிறகு மார்டள்ளிப் பக்கம் மழை எப்படி என்று ஒரு விசாரணை. அதெல்லாம் முடிந்துதான் பூவைக் கையில் எடுத்தார். அரச இலையில் இரண்டு பொட்டலம் மடித்து, நூல் சுற்றி, சொம்புக்குள் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் கவிழ்த்தார்.

"என்ன கேக்கோணுமோ மனசுக்குள்ள கேட்டுக்கப்பா. வாயத் தொறக்காத."

பாலன் கண்ணை மூடினார். காவேரியும் மூடினாள். தாயே, எனக்கு வண்டி பெரிசில்ல, நான் அடுத்தவங்க கைய எதிர்பாத்துத் தெருவுல நிக்கற பொழப்புத்தான் வேண்டாம், என்று நினைத்தாள். இவ்வளவு நாள் இதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மணி அடித்தது. மாதப்பன் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"ஆயித்து" என்றார் பாலன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அம்மன் சொல்லீருச்சு. அப்பறம் பேச்சென்ன?" அவர் முகமும் தொங்கித்தான் போயிருந்தது. காவேரி தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஹாஸ்டல்காரம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தாள்.

அப்போதுதான் வெளியே புர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று பேரும் திரும்பினார்கள். வண்டிக்குள் ஆள் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. எஞ்சின் மட்டும் அம்மனைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது.

"சிவ சிவா!" மாதப்பன் கையில் இருந்த சொம்பு உருண்டது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு ஓடிவந்தார்கள். "ஆளில்லாம ஸ்டார்ட் ஆவுதே!" என்றார் ஒருவர். "எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க" என்றார் இன்னொருவர். பாலன் பையைத் தடவிப் பார்த்தார். சாவி பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பயம் இன்னும் கூடியது.

"நான் அணைச்சுட்டுத்தான வந்தேன்? சாவி எங்கிட்ட இருக்குதே!"

மாதப்பனுக்குக் கண்கள் விரிந்தன. "பாலா, இது சாதாரணமில்ல. பூ வேண்டாங்குது, வண்டி நான் வர்றேங்குது. அம்மன் மனசு மாறி மறுவாக்குக் குடுக்கறாப்பா!"

பாலன் கையைக் கூப்பிவிட்டார். காவேரிக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது. இவர் வண்டியை அணைக்கவே இல்லை. ஏ.சி. ஓடி ஓடிப் பேட்டரி இறங்கிவிட்டது, எஞ்சின் தானாக எழுந்து சார்ஜ் ஏற்றுகிறது. ஸ்ரீதேவி ஒருநாள் காட்டிக்கொடுத்த சங்கதிதான். இப்போது அவள் வாயைத் திறக்கவேண்டாம். ஆமாமுங்க சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால் போதும், நாளைக்கே வண்டி வாசலில் நிற்கும். அந்த ஆசை தொண்டைவரை வந்தது. ஆனால் பேய் வண்டி என்று பயந்து கும்பிட்டு வாங்கினால், இந்த மனுஷன் அதற்குச் சூடம் காட்டுவாரே ஒழிய அவள் கையில் கொடுப்பாரா?

"வாக்குமில்ல ஒண்ணுமில்லீங்க சாமி" என்றாள் காவேரி. "இவரு அணைக்காத எறங்கி வந்துட்டாரு. பேட்டரி எறங்குச்சு, எஞ்சின் தானாச் சார்ஜ் ஏத்திக்குது. அவ்வளவுதான்."

இதற்குள் ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். டிரைவர் தொட்டையன் தலையை நீட்டி, "யாருதுப்பா வண்டி? ஷிப்டுக்கு டைம் ஆயித்து, தெகீரி!" என்று கத்தினார். வண்டியை எடு என்பது அந்தக் கத்தலிலேயே தெரிந்தது. பாலன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்க் கதவில் கை வைத்தார். அவர் தொட்ட அதே நேரம் சார்ஜ் போதும் என்று எஞ்சின் சட்டென்று நின்றது. பாலன் பின்னால் ஓர் எட்டுத் துள்ளினார். டீக்கடைக்காரர்களும் துள்ளினார்கள். பஸ்ஸுக்குள் சிரிப்பு.

காவேரி தட்டை மாதப்பன் கையில் கொடுத்துவிட்டுப் புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"சாவியக் குடுங்க."

வண்டி உயிரோடுதான் இருந்தது, எடுப்பதற்குச் சாவி தேவையே இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டாள், கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பாலன் பஸ்ஸைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் ஏறி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, சீட்டை முன்னுக்குத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டாள். பாலன் ஜன்னலோரம் ஓடிவந்து, "கிளட்ச்..." என்று ஆரம்பித்தார். இல்லாத கிளட்சுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டார். பின்னால் டீக்கடைப் பெஞ்சு, ஒரு சைக்கிள், ஒரு சாக்கடை. காவேரி சத்தமில்லாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பெஞ்சுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் வளைத்து, சுவரோரம் ஒட்டி நிறுத்தினாள். பஸ் நகர்ந்தது. போகிறபோது தொட்டையன் கட்டை விரலை உயர்த்தி, "சூப்பர் அம்மா!" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். காவேரிக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

பாலன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ வந்தது.

"எப்பப் பழகுன?"

"ஞாயித்துக்கெழம. நீங்க தூங்கறப்ப."

"காய் வாங்கப் போறேன்னு..."

"காயும் வாங்குனேன்ல?"

"எங்கிட்டச் சொல்லலியே புள்ள."

"சொன்னா கைபிரேக்கப் புடிப்பீங்க."

பாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் வாடியது. டீயை ஊதிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "நான் ஒண்ணு நெனச்சு வெச்சிருந்தேன்" என்றார். "அடுத்த வருசம் வேலையிலிருந்து நிப்பாட்டீருவாங்க. அப்பறம் உன்னையும் மாவையும் ஏத்திக்கிட்டு நாந்தான் கடகடையாப் போகோணும்னு. நீயே ஓட்டிக்கிட்டா எனக்கென்ன வேல? ஊட்ல சோபாவத் தொடச்சுட்டு உக்காந்திருக்கறதா?"

காவேரி அவரைப் பார்த்தாள். அட, இந்த மனுஷன் மனசுக்குள் இதுவா கிடந்தது? கிளட்ச் கிளட்ச் என்று இத்தனை நாள் அழுதது இதற்காகவா? கோபப்படவேண்டும் என்றுதான் நினைத்தாள், வரமாட்டேன் என்றது.

"மாவு டின்ன யாரு புடிக்கறது? வளைவுல சாயுதுங்க அது. ஆட்டோவுல தெனமும் பாதி ரோட்டுக்குப் போவுது. கடையில எறக்கோணும், காலி டின்ன எண்ணி ஏத்தோணும். ஸ்டோர் பாத்த ஆளுதான வேணும் அதுக்கு?"

பாலன் டீயைக் குடித்தார்.

"அதெல்லாஞ் சரி" என்றார் கொஞ்சம் பொறுத்து. "பூ சிவப்பு விழுந்திருச்சே."

"நீங்க மனசுல என்னன்னு கேட்டீங்க?"

"நான் ஓட்டறதுக்கு இந்த வண்டி வாங்கலாமா தாயேன்னு கேட்டேன்."

காவேரி சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. "அப்பறமென்ன? அம்மன் சரியாத்தான சொல்லியிருக்கறா? நீங்க ஓட்டறதுக்கு வேண்டாம்னு!"

பூசாரி மாதப்பன் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், இதைக் கேட்டுத் தாடையைத் தடவினார். "ஆள் மாறுனா கேள்வி வேற. நீ வேணா கேளு காவேரி. பூ இருக்குது, கட்டறேன்."

"எனக்கு வேண்டாமுங்க சாமி. சந்தேகம் இருக்கறவங்கதான பூக் கேப்பாங்க?" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். பாலன் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவுக்கு வந்து, உள்ளே அவளைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினார்.

அன்றே ஹாஸ்டல்காரம்மாவுக்குக் காவேரி சரி என்று சொல்லிவிட்டாள். என்ன வண்டி, எப்படி வரும் என்றெல்லாம் யோசிக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. பாலன்தான் தவித்தார். சிவப்புப் பூவை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்கி அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வரும்போது நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு வெள்ளை அரளி.

"மறுக்காக் கேட்டுட்டேன். காவேரி ஓட்டறதுக்கு இந்த வண்டி வாங்கலாமான்னு. வெள்ளை! பாத்துக்க!" என்று பூவை நீட்டினார். மறுநாளே போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். ஷோரூம்காரர் மைலேஜைப் பற்றி ஆரம்பித்ததும், "அதெல்லாம் தெரியுமுங்க. எங்களுக்கு ஓட்டம் ஜாஸ்தி" என்றாராம்.

வண்டி வந்தது. மாதப்பன் எலுமிச்சம்பழம் வைத்தார், காவேரி ஏற்றி நசுக்கினாள். முதல் நாள் மாவு ஓட்டத்துக்கு விடியற்காலையில் கிளம்பினார்கள். பின்னால் டின்கள் அடுக்கி, இடம் போதாமல் ஒன்று பாலன் மடியில் இருந்தது. பாலன் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கைபிரேக்கைத் தேடக் கை இல்லை. ஹாஸ்டல் வாசலில் மாவை இறக்கியபோது வானம் அப்போதுதான் வெளுத்தது. அந்தம்மா மூடியைத் திறந்து பார்த்து, மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்து, ஒரு தலையாட்டுத் தலையாட்டினாள். அது போதும் காவேரிக்கு.

திரும்பி வரும்போது சிக்னலில் நின்றார்கள். எஞ்சின் ஓய்ந்து, வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"நின்னு போச்சா?" என்றார் பாலன்.

"நிக்கலீங்க. சத்தந்தான் நின்னுச்சு."

வண்டியில் சாமி படத்துக்கு முன்னால் அந்த வெள்ளை அரளி காய்ந்து கிடந்தது. காவேரி அதைப் பார்த்தாள். கேட்கவேண்டும் கேட்கவேண்டும் என்று இருந்த கேள்வி ஒன்று இருந்தது.

"ஏனுங்க, அன்னைக்கும் சிவப்பே வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பாலன் மடியில் இருந்த காலி டின்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது.

"வந்திருக்காது."

"அதெப்புடி அவ்வளவு நிச்சயமா?"

"ரெண்டு பொட்டலத்தையும் நாந்தான் கட்டிக் கொண்டு போனேன். ரெண்டுலயும் வெள்ளைதான்."

காவேரி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். கிரைண்டருக்குக்கூட அம்மன் வாக்கு வாங்கின மனுஷன் இவர். "ஐயோ, சாமிய ஏமாத்தீட்டீங்களா?"

"ஏமாத்தல" என்றார் பாலன். "நான் அன்னைக்குக் கேக்கப் போகல புள்ள. சொல்லீட்டு வரப் போனேன்."

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ தெரியவில்லை. காவேரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டின்ன நல்லாப் புடிச்சுக்கங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.